கரும்புகை விட்ட அம்பாசடரும் ஒரு கார்புரேட்டரும்



எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு அம்பாசடர் கார் இருக்கிறது. 1972-இல் வந்த மார்க் 2. தாத்தா வாங்கியது. எங்கள் சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான் போகும். ஆனால் கொஞ்ச நாளாகவே அதற்கு உடம்பு சரியில்லை. ஸ்டார்ட் செய்தால் பின்னால் கரும்புகை. பெட்ரோல் வாசனை வாசல் வரைக்கும் வரும். ஒரு லிட்டருக்கு 6 கிலோமீட்டர்கூடத் தரவில்லை. புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால் ஃபெயில்! இந்தக் காலத்துப் பழைய பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. எங்கள் காருக்கு 5.2 வந்தது.

"இனிமே இதை வச்சுக்கிட்டு மாரடிக்க முடியாது. காயலான் கடைக்குப் போட்டுடலாம்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். தாத்தா கார்லதான் மண்டபத்துக்குப் போவேன் என்று அக்கா சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் எதுவும் பேசவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அந்தக் காரை எப்படிச் சரி செய்தோம், நடுவில் நான் என்ன முட்டாள்தனம் செய்தேன், கார்புரேட்டர் என்றால் என்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

கார்புரேட்டர் என்ன வேலை செய்கிறது?

பெட்ரோல் தனியாக எரியாது. காற்றோடு கலந்தால்தான் எரியும். அதுவும் சரியான அளவில் கலக்க வேண்டும். 1 கிராம் பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். அது எரிய கிட்டத்தட்ட 11 கிலோ காற்று வேண்டும். அதாவது சுமார் 9,000 லிட்டர் காற்று! ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு சின்ன அறை நிறையக் காற்றை என்ஜின் இழுக்கிறது.

பெட்ரோல் கூடிப்போனால் அதை 'ரிச்' என்பார்கள். கரும்புகை வரும், பெட்ரோல் வீணாகும், கார்பன் மோனாக்சைடு கூடும். பெட்ரோல் குறைந்துபோனால் 'லீன்'. என்ஜின் இழுக்காது, சூடாகும், சில சமயம் கார்புரேட்டர் வழியாகவே 'பட் பட்' என்று வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதுதான் கார்புரேட்டரின் வேலை.

ஒரு சின்னச் சோதனை

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு ஸ்ட்ராவை இரண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டைத் தண்ணீர் டம்ளரில் நேராக நிறுத்துங்கள். இன்னொரு துண்டை வாயில் வைத்து, நிற்கும் ஸ்ட்ராவின் மேல்வாயைத் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி வேகமாக ஊதுங்கள். தண்ணீர் தானாக ஏறி வந்து பூந்தூறலாகத் தெறிக்கும்! காற்று வேகமாகப் போகிற இடத்தில் அழுத்தம் குறைகிறது, டம்ளரில் இருக்கிற தண்ணீரை வெளிக்காற்று மேலே தள்ளுகிறது. தண்ணீருக்குப் பதில் பெட்ரோல், நம் வாய்க்குப் பதில் என்ஜின். அவ்வளவுதான் கார்புரேட்டர்.

எங்கள் காரில் இருப்பது

எங்கள் காரில் இருப்பது எஸ்.யு. கார்புரேட்டர், எச்.எஸ்.2 வகை. அதன் வாய் 1¼ அங்குலம். மேலே மணியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கூடு இருக்கும். அதற்குள்ளே ஒரு பிஸ்டன். பிஸ்டனுக்கு அடியில் ஒரு பித்தளை ஊசி. ஊசி மேலே தடிப்பு, போகப் போக மெலிவு. அந்த ஊசி 'ஜெட்' என்கிற குழாய்க்குள் இறங்கி நிற்கும்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் அதிகக் காற்றை இழுக்கும். அந்த உறிஞ்சுதல் ஒரு சின்ன ஓட்டை வழியாக மணிக்கூட்டுக்குள்ளும் போய் பிஸ்டனை மேலே தூக்கும். பிஸ்டன் ஏறினால் காற்றுக்கு வழி பெரிதாகும். கூடவே ஊசியும் ஏறுவதால் அதன் மெலிந்த பகுதி ஜெட்டுக்கு வந்து, பெட்ரோலுக்கும் வழி பெரிதாகும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாமல்! இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

நான் செய்த தப்பு

ஜெட்டுக்குக் கீழே ஆறு முகம் உள்ள ஒரு நட் இருக்கிறது. அதை மேலே ஏற்றினால் ஜெட் ஏறி பெட்ரோல் குறையும் (லீன்). கீழே இறக்கினால் ஜெட் இறங்கி பெட்ரோல் கூடும் (ரிச்). இதை எங்கேயோ கேட்டுவிட்டு, ஒரு நாள் சாயங்காலம் யாருக்கும் சொல்லாமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். ஏற்ற முடிந்த மட்டும் ஏற்றினேன். ஸ்டார்ட் செய்து பார்த்தேன். புகை குறைந்திருந்தது! எனக்கு ஒரே பெருமை. காலையில் பெரியப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று தூங்கப் போய்விட்டேன்.

காலையில் நான் எழுந்திருக்கும் முன்பே பெரியப்பா காரை எடுத்துக்கொண்டு பெரியம்மாவோடு கிளம்பிவிட்டார். ரயில்வே மேம்பாலம் ஏறும்போது கார் 'பட் பட்' என்று வெடித்து நடுப்பாலத்தில் நின்றுபோச்சு. பின்னால் பஸ், லாரி எல்லாம் ஹாரன். நாலு பேர் சேர்ந்து பின்னுக்குத் தள்ளி ஓரம் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பெரியப்பா யாரையும் திட்டவில்லை. "நாளைக்கே காயலான் கடைக்காரனை வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அன்று மதியம் பெரியம்மா பழைய மெக்கானிக் தாத்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார். வயசு எழுபதுக்கு மேல். எங்கள் தாத்தா காலத்திலிருந்தே இந்தக் காருக்கு அவர்தான் வைத்தியர். பானட்டைத் திறந்து பார்த்ததும் கேட்டார்:

"இதுல யாரு கை வச்சது?"

யாரும் பேசவில்லை. நான்தான் "நான்தான் தாத்தா" என்றேன். பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"எத்தனை சுத்து சுத்துன?"

"எண்ணலை தாத்தா."

"சுத்துனது தப்பில்லடா தம்பி. எண்ணாம சுத்துன பாரு, அதான் தப்பு. எண்ணியிருந்தா திருப்பி அதே இடத்துக்குக் கொண்டாந்துடலாமே!"

அப்புறம் பெரியப்பாவிடம், "காரை விக்கறது அப்புறம் பாத்துக்கலாம். ஒரு வாரம் டைம் குடுங்க. இந்தப் பயலை என்கூட விடுங்க" என்றார்.

ரிப்பேர் வேறு, அட்ஜஸ்ட் வேறு

தாத்தா சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. தேய்ந்துபோன பாகத்தை ஸ்க்ரூவைத் திருகிச் சரி செய்ய முடியாது. முதலில் கழற்றி, சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் அட்ஜஸ்ட். நான் நோயைப் பார்க்காமல் புகையை மட்டும் பார்த்துவிட்டேன்.

பாதுகாப்பு முதலில்: வெட்டவெளியில் வேலை செய்தோம். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டோம். பக்கத்தில் ஒரு வாளி மணல். பீடி, தீக்குச்சி யாரும் எடுக்கக்கூடாது. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தரையோடு ஊர்ந்து போய் தூரத்தில் இருக்கிற நெருப்பைப் பிடிக்கும். நம் மாதிரிப் பிள்ளைகள் இதைத் தனியாகச் செய்யவே கூடாது.

1. கழற்றுவது: மணிக்கூட்டிலும் உடம்பிலும் சேர்ந்த மாதிரி ஒரு கோடு போட்டுக்கொண்டோம், திரும்பப் பூட்டும்போது அதே திசையில் வர வேண்டும் என்பதற்காக. கழற்றியதை எல்லாம் வரிசையாக எவர்சில்வர் தட்டில் வைத்தோம். ஊசி வளைந்தால் கதை முடிந்தது. அதனால் பிஸ்டனை ஒரு பாட்டில் வாயில், ஊசி உள்ளே தொங்குகிற மாதிரி உட்காரவைத்தார் தாத்தா.

2. சுத்தம்: நான் உப்புத்தாளை எடுத்தேன். தாத்தா கையைத் தட்டிவிட்டார். மணிக்கூட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிதான். பிஸ்டன் சுவரைத் தொடாமல், ஆனால் காற்றை அதிகம் விடாமல் ஏறி இறங்க வேண்டும். தேய்த்தால் அந்த அளவு போய்விடும். பெட்ரோலும் மெல்லிய துணியும் போதும். இதே காரணத்தால் ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை இன்னொன்றின் கூட்டில் போடக்கூடாது. இரண்டும் ஜோடி. இந்த ஜோடியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பிஸ்டனின் சின்ன ஓட்டைகளை அடைத்து, மூடியைப் போட்டு, கூட்டைத் தலைகீழாகப் பிடித்தால், கூடு பிஸ்டனை விட்டு மெதுவாக இறங்க வேண்டும். இந்த அளவுக்கு 3 முதல் 5 விநாடி. எங்களுக்கு 4 வந்தது. "கூடு நல்லா இருக்கு, கார் பொழச்சுக்கும்" என்றார் தாத்தா.

3. ஃப்ளோட்: கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு குட்டித் தொட்டி. அதில் ஒரு மிதவை. பெட்ரோல் நிறைந்தால் மிதவை ஏறி ஒரு சின்ன வால்வை மூடும். நம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறதே, அதே வேலைதான். மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தோம். உள்ளே பெட்ரோல் சத்தம் இல்லை, நல்லது. ஆனால் வால்வின் கூர்முனையில் வளையமாக ஒரு பள்ளம்! அதனால் வால்வு முழுசாக மூடவில்லை. தொட்டி வழிந்து, ஜெட் வழியாகப் பெட்ரோல் தானாக ஏறிக்கொண்டே இருந்தது. கரும்புகைக்கு முக்கியக் காரணம் இதுதான். நட்டை எவ்வளவு திருகினாலும் இது போகுமா? புது வால்வு போட்டோம். மூடியைத் தலைகீழாகப் பிடித்து, மிதவைக்கும் மூடிக்கும் நடுவில் 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டை வைத்து மட்டம் பார்த்தோம்.

4. ஊசியும் ஜெட்டும்: ஜெட்டின் ஓட்டை 0.090 அங்குலம், அதாவது 2.3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஊசி உரசி உரசி அந்த ஓட்டை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் ஆகியிருந்தது. ஊசியும் ஒரு பக்கம் பளபளத்தது. இரண்டையும் மாற்றினோம். ஊசியின் மேல் எழுத்துக் குறியீடு இருக்கும். அதே குறியீடுதான் வாங்க வேண்டும். ஊசியின் தோள் பிஸ்டனின் அடிமட்டத்தோடு சமமாக இருக்கும்படி பூட்ட வேண்டும்.

5. த்ராட்டில் தண்டு: ஆக்சிலேட்டரோடு சேர்ந்து திரும்பும் தண்டு இது. அதைப் பிடித்து ஆட்டினால் லொடலொட என்றது. அந்த இடுக்கு வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போகும். லேத் பட்டறையில் கொடுத்துப் புது புஷ் போட்டு வாங்கினோம்.

6. ரப்பரும் கேஸ்கெட்டும்: நம் நாட்டில் இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். 1972-இல் இந்தக் காரைச் செய்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். பழைய ரப்பர் குழாய்கள் இதில் ஊறி வீங்கி வெடிக்கும். அதனால் எத்தனால் தாங்குகிற குழாயும் சீலும் போட்டோம். இன்னொரு விஷயம், எத்தனால் எரிய 1 கிராமுக்கு 9 கிராம் காற்றே போதும். அதனால் பழைய அளவிலேயே விட்டால் கலவை கொஞ்சம் லீன் பக்கம் சாயும். நட்டைக் கொஞ்சம் இறக்க வேண்டி வரும்.

7. நடுமையம்: ஊசி ஜெட்டின் நட்ட நடுவில் நிற்க வேண்டும், உரசக்கூடாது. ஜெட்டைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, பிஸ்டனை விரலால் தூக்கி விட வேண்டும். விழும்போது 'டக்' என்று தெளிவான சத்தம் கேட்கணும். கேட்டால் சரி, இறுக்கலாம். மொத்தலாக விழுந்தால் ஊசி உரசுகிறது என்று அர்த்தம். எங்களுக்கு அந்த 'டக்' கேட்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆச்சு! கடைசியில் கேட்டபோது தாத்தா சிரித்தார்.

8. எண்ணெய்: பிஸ்டன் தண்டின் குழியில் 20 எண் என்ஜின் ஆயில் ஊற்ற வேண்டும். ஆக்சிலேட்டரைத் திடீரென்று மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி ஏறாமல் இது தடுக்கும். இது வற்றிப்போனால் பிக்கப் திக்கும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அட்ஜஸ்ட் செய்யும் முறை

கார்புரேட்டர் கடைசியில்தான்! முதலில் டாப்பட், அப்புறம் பாயிண்ட் (இடைவெளி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), பிளக் (ஆயிரத்தில் 25 பங்கு), டைமிங், ஏர் ஃபில்டர். இதெல்லாம் சரியில்லாமல் கார்புரேட்டரைத் தொட்டால், வேறு யாரோ செய்த தப்புக்கு அதைத் தண்டிக்கிற மாதிரி.

முதலில் நட்டை மேலே ஏற்றி, ஜெட் தன் மேடையோடு சமமாக வரும்வரை கொண்டுவர வேண்டும். அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று கீழே, அதாவது 12 முகம். இது தொடக்க இடம். சோக் கம்பி ஜெட்டைப் பிடித்து இழுக்காமல் தளர்வாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வகையில் சோக் என்பதே ஜெட்டைக் கீழே இழுப்பதுதான். பிறகு என்ஜினை நன்றாகச் சூடாக்க வேண்டும். இந்த நிலையில் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்கென்றே அடியில் ஒரு சின்ன பின் இருக்கிறது. சத்தத்தைக் கேளுங்கள்:

- வேகம் கூடி, கூடினபடியே நின்றால்: ரிச். நட்டை ஒரு முகம் மேலே ஏற்றவும்.
- வேகம் குறைந்து அணைகிற மாதிரி போனால்: லீன். ஒரு முகம் கீழே இறக்கவும்.
- ஒரு கணம் லேசாகக் கூடி, பழைய நிலைக்கே வந்தால்: சரி!

ஒரு தடவைக்கு ஒரு முகம்தான். திருப்பினதும் நோட்டில் எழுத வேண்டும். இரண்டு ஸ்க்ரூவை ஒரே நேரத்தில் தொடக்கூடாது. தொட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. ரொம்ப நேரம் நின்றபடியே ஓடினால் நடுநடுவே ஆக்சிலேட்டரைக் கொடுத்து என்ஜினைத் துப்புரவாக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும்.

என் நோட்டில் இப்படி இருக்கிறது: "12 முகம்: லீன். 13: லீன். 14: கொஞ்சம் லீன். 15: சரி. 16: ரிச். திரும்ப 15." பெரியப்பா பின்னால் வந்து நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாது.

முடிவு

புகைப் பரிசோதனையில் 2.1 வந்தது. பாஸ்! மைலேஜ் 6-லிருந்து 10-ஐத் தொட்டது. ஆவணியில் அக்கா தாத்தா கார்லதான் மண்டபத்துக்குப் போனாள். அதே மேம்பாலம் வழியாக. பாலம் ஏறும்போது நான் முன்சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா என்னைப் பார்த்து, "என்னடா, எத்தனை முகம்?" என்றார். "பதினஞ்சு பெரியப்பா" என்றேன். வேறு எதுவும் பேசவில்லை. கார் ஏறிவிட்டது.

நண்பர்களே, நமக்குப் பரீட்சையில் மார்க் குறைந்தாலும், உடம்பு சரியில்லாவிட்டாலும், கண்டதையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்க்கிறோம். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, அதை எழுதி வைத்தால், தப்பாகப் போனாலும் வந்த வழியே திரும்பி வரலாம். நான் கற்றது இவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரியுமா?

★ எஸ்.யு. என்றால் 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. இங்கிலாந்தின் ஸ்கின்னர் சகோதரர்கள் 1900-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அவர்கள் குடும்பம் செருப்புக் கடை நடத்திய குடும்பம். அதனாலோ என்னவோ, முதல் எஸ்.யு. கார்புரேட்டர்களில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்திதான் இருந்தது!

★ 1926-இல் மோரிஸ் கார் முதலாளி இந்தக் கம்பெனியை வாங்கினார். நம் அம்பாசடரின் தாய் 'மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3'. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றது.

★ 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது பைக்குகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீச்சும் கருவி வந்துவிட்டது. அதற்கு முந்தைய பைக் உங்கள் வீட்டில் இருந்தால், பெரும்பாலும் அதில் ஒரு கார்புரேட்டர் இருக்கும்.

யோசியுங்கள்: சமவெளியில் சரியாக அட்ஜஸ்ட் செய்த காரை, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலுக்கு ஓட்டிப் போகிறோம். அங்கே காற்று அடர்த்தி குறைவு. கலவை ரிச் ஆகுமா, லீன் ஆகுமா? காரணத்தோடு எழுதி வகுப்புத் தலைவரிடம் கொடுங்கள். விடை அடுத்த இதழில்!